ஓய்வு நாளுக்கு ஒரு காவல்

மாணிக்கராஜ் யாரையும் நம்பமாட்டார். அது அவருடைய குணம் மட்டுமில்லை, வேலையும் அதுதான். பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் வாச்சர். விறகுக் கட்டோடு எதிரே வருகிறவர் சிரித்தால் கட்டுக்குள் என்னவோ இருக்கிறது என்பார். சிரிக்காமல் போனால் நிச்சயமாக இருக்கிறது என்பார். முப்பது வருடக் காவலில் அவர் பிடித்த திருடர்களைவிட முறைத்த நல்லவர்களே அதிகம்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் ஒரு புதன்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் போன பிறகும், பத்தொன்பது வயது மகள் கேஷானி இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

"என்னம்மா, காய்ச்சலா?"

"இல்லப்பா. இன்னைக்கு ரெஸ்ட் டே. நல்லாத் தூங்கச் சொல்லி சுஜீவா மிஸ் சொன்னாங்க."

சுஜீவா மிஸ் பதுளையிலிருந்து வந்து, பசறைச் சந்தைக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பளுதூக்கப் பழக்குகிறவர். கேஷானி சேர்ந்து இரண்டு மாதம்தான். அதற்குள் மாகாணப் போட்டிக்கு அவள் பேர் அடிபட்டது. ஆனால் அவளுடைய எடைப் பிரிவில் ஒருத்திதான் போகலாம். யார் போவது என்று அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை தூக்கவைத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்த ஒரு இடத்தைத் தவிர கேஷானிக்கு இப்போது உலகத்தில் வேறு ஆசை இல்லை.

"தூக்குறப்போ தசை வளராதாம்ப்பா. உள்ளுக்குள்ள நைஞ்சுதான் போகுமாம். மறுநாள் சும்மா இருக்கிறப்போதான் அது சரியாகி முன்னவிட பலமாகுமாம். அதுனால புதுசாத் தூக்குறவங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தூக்கணும். மத்த நாளு சாப்பிடணும், தூங்கணும்."

"சும்மா கெடந்தா தசை வளருமுன்னா, நம்ம டிவிசன்ல பாதிப் பேரு இந்நேரம் நமுனுகுல மலையவே தூக்கியிருப்பான்."

தோட்டத்துக் கணக்கு அப்படி. மலைக்குப் போனால் பேர் விழும், அதாவது அன்றைய சம்பளம் பதியப்படும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். வீட்டில் கிடந்தால் ஒன்றுமில்லை. படுத்திருந்தவளுக்குப் பேர் போட்ட கணக்கப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அப்படியிருக்க ஒருத்தி பஸ் ஏறி வந்து ஊரான் பிள்ளையைத் தூங்கச் சொல்கிறாள் என்றால், அந்தத் தூக்கத்தில் வேறு யாருக்கோ ஆதாயம் இருந்தாக வேண்டும். மாணிக்கராஜின் மூக்கு அரித்தது.

வெள்ளிக்கிழமையும் கேஷானிக்கு ஓய்வு நாள். டோர்ச்சுக்குப் பெட்டரி வாங்கப் பசறைக்குப் போனவர், கடைக்குப் போகாமல் மண்டபத்து ஜன்னலுக்குப் போனார். உள்ளே ஸல்மா என்ற பதுளைப் பிள்ளை இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நின்றாள். கேஷானியின் எடைப் பிரிவுதான் அவளும். சுஜீவா மிஸ் கைதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பதுளையிலிருந்து வருவதும் போவதும் ஒரே பஸ். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பெட்டரி வாங்க மறந்து வீட்டுக்கு ஏறினார்.

"நீ நல்லாப் படுத்துக் கெட," என்றார் மகளிடம். "அங்க அந்த ஸல்மா தூக்கிக்கிட்டு இருக்கு. மிஸ் கைதட்டுறாங்க. ஒன்னையத் தூங்க வச்சிட்டு அவளுக்கு எடத்தக் குடுக்கப் போறாங்க. ஒக்காந்திருக்கிறவளுக்கு எவன் பேர் போடுவான்?"

கேஷானி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எச்சரிக்க வேண்டியதை எச்சரித்துவிட்ட நிம்மதியில் மாணிக்கராஜ் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் வீட்டு அலவாங்கு காணாமல் போனது. கல் புரட்டவும் குழி தோண்டவும் வைத்திருந்த நல்ல கனமான இரும்பு. பக்கத்து வீட்டு மாரிசாமி அப்போதுதான் வாழைக் கன்றுக்குக் குழி வெட்டியிருந்தார். போதாதா? அன்றிலிருந்து மாரிசாமியின் வணக்கத்துக்கு மாணிக்கராஜிடமிருந்து பதில் வணக்கம் கிடைக்கவில்லை.

அதோடு கேஷானிக்குத் திடீரென்று பக்தி முற்றியது. ஓய்வு நாள் வந்தால் மத்தியானத்துக்கு மேல் ஜெபக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கொழுந்து பறித்துக் களைத்து வரும் அவளுடைய அம்மா இருதயம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான்.

"ஜெபம் பண்ணிட்டு வர்ற புள்ளைக்கு எதுக்கு இப்பிடி வேர்க்குது?" என்றார் மாணிக்கராஜ். "முட்டியில ஏன் செம்மண்ணு?"

"முட்டி போட்டுத்தான ஜெபம் பண்ணணும். நீங்க போனாத்தான தெரியும்."

இருதயம்மாவின் வாயை அடைக்க முடியாது. ஆனால் மாணிக்கராஜ் மனதுக்குள் தோட்டத்து வாலிபர்களை ஒவ்வொருவராக நிறுத்தி முறைத்துப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் சுஜீவா மிஸ்ஸின் போன் வந்தது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கேஷானிக்கு வீட்டுல பாரமான வேல ஏதும் குடுக்குறீங்களா? போன மாசம் லேசாத் தூக்குன பாரத்தையே இப்போ தூக்க முடியல. தோள் வலிங்கிறா. ரெஸ்ட் டேயில வெறகு தூக்க விடுறீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுசனை ஒருத்தி சந்தேகப்படுவதா? போனை வைத்த பிறகும் காது சுட்டது. செய்வதையும் செய்துவிட்டுப் பழியைத் தன் தலையில் போடப் பார்க்கிறாள் என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை கேஷானி ஜெபத்துக்குக் கிளம்பினாள். மாணிக்கராஜ் பின்னாலேயே போனார். அவள் கோயில் பாதையில் திரும்பவில்லை. தேயிலைக்குள் இறங்கி, மண்சரிவு அபாயம் என்று ஆட்களை வெளியேற்றிவிட்ட பழைய லயத்து வரிசை வீடுகளை நோக்கி நடந்தாள். அங்கே யாரும் நுழையாமல் பார்ப்பது அவருடைய பொறுப்புத்தான். கையிலிருந்த தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே எவன் இருந்தாலும் இன்றைக்கு அவன் கதை முடிந்தது.

உள்ளேயிருந்து தொம்மென்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கதவில்லாத வாசலில் எட்டிப் பார்த்தார். எவனும் இல்லை. அவருடைய அலவாங்கு இருந்தது. அதன் இரண்டு முனையிலும் மண் நிரப்பிய உரப் பைகள் கட்டியிருந்தன. கேஷானி குனிந்து அதைத் தோள் வரை தூக்கினாள். அதற்கு மேல் கை ஏறவில்லை. உதடு கோணியது, முழங்கால் நடுங்கியது, பாரம் கீழே விழுந்தது. திரும்பவும் தூக்கப் போனாள்.

"கேஷானி."

அவள் பயப்படவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

"இங்க என்ன செய்ற நீ?"

"நீங்கதானப்பா சொன்னீங்க. நான் தூங்குறேன், அவ தூக்குறான்னு. அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமே வரல. அவ தூக்குற நாளெல்லாம் நானும் தூக்குனா சரியாப் போயிடும்னு நெனச்சேன். தூக்கத் தூக்கக் கொறஞ்சிக்கிட்டே போகுது."

மாணிக்கராஜ் பைகளின் கட்டை அவிழ்த்தார். பிள்ளையின் தோளில் கை வைத்தபோது அவள் வலியில் நெளிந்தாள்.

மறுநாள் அவரே மண்டபத்துக்குப் போய், பழைய லயத்தில் கண்டதைச் சொன்னார். சொல்லி முடித்த கையோடு கேள்வியையும் போட்டார்.

"எம்புள்ள படுத்திருக்கிற அன்னைக்கு அந்தப் புள்ள ஏன் மிஸ் தூக்குது?"

சுஜீவா மிஸ் மூலையைக் காட்டினார். அங்கே ஒரே ஒரு கம்பி கிடந்தது.

"பொம்பளப் புள்ளைங்களுக்குப் பொருத்தமா இருக்கிறது இந்த ஒண்ணுதான். கேஷானிக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஸல்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி. ஸல்மா தூங்குற அன்னைக்கு கேஷானி தூக்குறா. போன வாரம் ஸல்மாவோட உம்மா வந்து, எம்புள்ளையத் தூங்க வச்சிட்டுத் தோட்டத்துப் புள்ளைய மட்டும் ஏன் சனிக்கெழம வரச் சொல்றீங்கன்னு என்கிட்ட சண்ட."

மாணிக்கராஜ் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுன மறுநாளே போய்க் கொழுந்து கேப்பீங்களா?"

"தேயிலையப் பத்தி எனக்கே சொல்லிக் குடுக்குறீங்களா மிஸ்?" என்றார். ஆனால் குரலில் சுரத்து இல்லை.

"இன்னைக்கும் அவ தூக்க வேணாம். நாளைக்கும் அசையக் கூடாது. தண்ணிக் குடம்கூட வேணாம். நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்கட்டும். போன பலம் முழுசா வராது. வந்த வரைக்கும் பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை மாணிக்கராஜ் லீவு போட்டார். வாசலில் முக்காலியைப் போட்டு, தடியை மடியில் வைத்து உட்கார்ந்தார். அரிசி மூட்டை இறக்கக் கேஷானியைக் கூப்பிட வந்தவளைத் திருப்பி அனுப்பினார். குரைத்த நாயைத் துரத்தினார். மாரிசாமி அந்த வழியாக வந்தபோது, பல நாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார். மாரிசாமிக்குப் பயம் பிடித்துவிட்டது.

"என்னண்ணே, என்ன காவல்?"

"புள்ள தூங்குது."

"அலவாங்கு கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு," என்றார் மாணிக்கராஜ். "வீட்டுலதான் இருந்திருக்கு. மனசுல வச்சுக்காத மாரிசாமி."

சனிக்கிழமை மண்டபத்தில் கேஷானி நன்றாகவே தூக்கினாள். ஆனால் கடைசிப் பாரம் நெற்றி வரை வந்தது, இடது தோள் இடம் கொடுக்கவில்லை. ஸல்மா ஒரு கிலோ கூடுதலாகத் தூக்கினாள். இடம் அவளுக்குப் போனது.

"அந்த எடைத் தட்டுகள நான் பார்க்கலாமா மிஸ்?" என்றார் மாணிக்கராஜ்.

கொழுந்து நிறுக்கும் தராசையே நம்பாத மனுசன். சுஜீவா மிஸ் விலகி நின்றார். மாணிக்கராஜ் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தார், எண்ணைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஸல்மாவைப் பார்த்தார். அவள் கேஷானியின் பக்கத்தில் உட்கார்ந்து தோளை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தார். கள்ளம் என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. தேடித் தேடிக் கடைசியில் மிஞ்சியது அவர் மட்டும்தான்.

திரும்பும் பஸ்ஸில் கேஷானி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"மிஸ் மேல ஒரு தப்பும் இல்ல," என்றார் மாணிக்கராஜ். "ஸல்மா மேலயும் இல்ல. நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இன்னைக்கு நீ போயிருப்ப."

இல்லையென்று அவள் சொல்வாள் என்று அவர் உள்ளூர எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"ஆமாப்பா," என்றாள். "போயிருப்பேன்."

கொஞ்ச நேரத்தில் அவள் தலை சரிந்து அவர் தோளில் விழுந்தது. மூன்று வாரமாக விட்டுப்போன தூக்கம். பஸ் வளையும் போதெல்லாம் மாணிக்கராஜ் முன் சீட்டை இறுக்கிப் பிடித்து, தோள் அசையாமல் பார்த்துக்கொண்டார். அவர்களுடைய தோட்டத்துச் சந்தி வந்தது. கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"எறங்கலையா?"

"புள்ள தூங்குது. நீங்க போங்க."

பஸ் சந்தியைத் தாண்டி மேலே ஏறியது. எங்கே இறங்கினாலும் திரும்பி நடக்க வேண்டியதுதான். மாணிக்கராஜ் நடக்கத் தயாராக இருந்தார்.