நண்டின் படிகம்

நண்டு என்பது நான் வைத்த பெயர். தட்டைக் கையில் ஏந்திவிட்டால் கதவைத் தோளால் தள்ளிப் பக்கவாட்டில்தான் நுழைவாள். தட்டிலுள்ள புரதக் கரைசலின் துளிகள் அலுங்கக் கூடாதாம். கோடை ஆராய்ச்சிக்காக எங்கள் பல்கலைக்கழகம் வெளிநாட்டுக்கு அனுப்பிய இரண்டு பேர் நாங்கள். எனக்கு இளையவள். அக்கா என்று கூப்பிடுவாளே தவிர, மருந்துக்குக்கூட மரியாதை கிடையாது.

துளிக்குள் புரதம் படிகமாக வளர வேண்டும். அதை எக்ஸ்ரே எந்திரத்தில் வைத்தால்தான் புரதத்தின் வடிவம் தெரியும். எந்திரத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு காலைப்பொழுது. யாருடைய படிகம் தேறுகிறதோ அவருக்கு இங்கேயே ஆராய்ச்சி இடம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

என் தட்டில் முளைத்தவை ஊசி மாதிரி நோஞ்சான் படிகங்கள். நண்டின் துளியிலோ பட்டை தீட்டியதுபோல் பளபளவென்று ஒன்று. மொத்த ஆய்வகமும் நுண்ணோக்கி முன் வரிசையில் நின்று பார்த்தது. காலைப்பொழுது அவளுக்கே என்றாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்?

அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது ரொம்ப அழகா இருக்கு. எனக்கு டவுட்டா இருக்கு."

"அழகா இருந்தா டவுட்டா? உன்னையெல்லாம் என்ன சொல்றது!"

"உப்பா இருந்தா?"

அங்கேதான் வம்பு. கரைசலில் உப்பும் உண்டு. அதுவும் படிகமாகும், புரதத்தைவிட லட்சணமாகவே. ஊசி முனையால் அழுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்படும். புரதம் மெத்தென்று உதிரும். உப்பு கல் மாதிரி நிற்கும். ஆனால் புரதமாக இருந்து விரிசல் விழுந்தால் அதோகதி. அவளிடம் வேறு படிகம் கிடையாது.

"கை வச்சே, கொன்னுடுவேன். நாளைக்கு மெஷினே சொல்லட்டும்."

"மெஷின் உப்புன்னு சொன்னா காலைப்பொழுது வீணாப் போச்சு. அப்புறம் உன் ஊசிப் படிகமெல்லாம் குப்பைக்குத்தான்."

"போகட்டும்! உனக்கென்ன வந்துச்சு? வலிய வர்றத எவளாவது உதைப்பாளா?"

"ஓரத்த மட்டும் தொடறேன். கத்தாத, கை ஆடும்."

எனக்குக் கோபத்தில் காது சுட்டது. அவள் குனிந்துவிட்டாள். ஊசி முனை ஓரத்தைத் தொட்டது. அழுத்தினாள். படிகம் வழுக்கிக்கொண்டு துளியின் மறுபக்கம் ஓடியது. மறுபடி பிடித்து அழுத்தினாள். ஒரு கீறல்கூட இல்லை.

"உப்புதான். சமையலுக்கு வச்சுக்கலாம்," என்று சிரித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்னால், அவளே போய்ப் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னாள். காலைப்பொழுது என் ஊசிப் படிகங்களுக்கு மாறியது.

மறுநாள் எந்திர அறையில் நான் அள்ளப் போன படிகம் இரண்டு தடவை நழுவியது. "தள்ளு, நீ போட்டு உடைச்சிடுவ," என்று நண்டே என் ஊசிப் படிகத்தைப் சின்னஞ்சிறு வளையத்தால் அள்ளி எந்திரத்தில் ஏற்றினாள். திரையில் புள்ளிகள் வந்தன. நெருக்கமாக, வரிசை வரிசையாக. புரதம் மட்டுமே போடுகிற புள்ளிகள். எல்லாருக்கும் முன்னால் அவள்தான் "ஹையா!" என்று கத்தினாள். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ! நானாக இருந்தால் அன்று விடுதி அறையைவிட்டே வெளியே வந்திருக்க மாட்டேன்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பி, இடம் உனக்குத்தான், வருகிறாயா என்று கேட்டார். நான் நண்டின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் என் முதுகில் நறுக்கென்று கிள்ளி, அந்த மனிதருக்குப் புரியாத நம் தமிழில் சீறினாள்.

"என் மூஞ்சிய என்ன பாக்கற? சரின்னு சொல்லுக்கா!"