வலப்பக்கப் பதக்கம்

என் தம்பி வீரசிங்கத்தின் பதக்கம் 1946இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. மலாயாவிலிருந்து அவனே அனுப்பிவைத்திருந்தான். யப்பான்காரர் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், ரப்பர்த் தோட்டத்துக் கிளாக்கர் வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய், சீனக் கெரில்லாக்களோடு சேர்ந்து சண்டை பிடித்தவன் அவன். அவர்களுக்கு ஆகாயத்திலிருந்து துப்பாக்கி இறக்கிக் கொடுத்தது பிரித்தானிய அரசு. சண்டை முடிந்ததும் அவர்களை அணிவகுக்க வைத்துப் பதக்கம் குத்திவிட்டதும் அதே அரசுதான்.

அப்போது நான் நமுனுகுலவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். செய்தி கேள்விப்பட்ட எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என் குவாட்டர்ஸுக்கே வந்து, முன்னறையில் தம்பியின் படத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அதற்கு முன் எந்தத் துரையும் என் வாசற்படி ஏறியதில்லை. அந்த நவம்பரிலேயே, பதுளையில் நடக்கும் போர்வீரர் நினைவு நாளில், துரைமார் நிற்கும் வரிசையில் எனக்கும் ஓரிடம் கிடைத்தது.

முதல் வருடம் பதக்கத்தைக் கோட்டில் குத்திக்கொண்டு போனேன். துரை என்னைத் தனியே அழைத்தார்.

“உரியவர் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் அணிவது எங்கள் வழக்கமில்லை, மிஸ்டர் கனகரத்தினம். அவர் இறந்த பிறகு குடும்பத்தார் அணியலாம். அதுவும் வலப்பக்கத்தில்தான்.”

வழக்கம் என்றால் எனக்கு மதிப்புண்டு. அதன் பிறகு பதக்கத்தைப் பெட்டியோடு கையில் ஏந்திக்கொண்டுதான் நின்றேன்.

1949 ஒக்டோபரில் மலாயாவின் ஈப்போவிலிருந்து தந்தி வந்தது. வீரசிங்கம் இறந்துவிட்டான். அந்தக் கிழமையே கொழும்புப் பத்திரிகையிலும் செய்தி வந்தது: பேராக் காட்டில் கொள்ளைக்காரர் மூவர் சுட்டுக்கொலை. மூன்றாவது பெயர் என் தம்பியுடையது.

சண்டைக்குப் பிறகு அவன் தோட்டத் தொழிலாளரின் சங்கத்தில் சேர்ந்திருந்தான். அதே பிரித்தானிய அரசு சங்கத்தைத் தடை செய்ததும் பழைய கூட்டாளிகளோடு மறுபடி காட்டுக்குப் போய்விட்டான். அவன் போன வழி எனக்குச் சம்மதமில்லை. எழுதித் தடுத்தும் பார்த்தேன். அது அண்ணன் தம்பி விவகாரம். ஆனால் கொள்ளைக்காரன் என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. பிறர் வீட்டு ஊசிக்குக்கூட ஆசைப்படாத குடும்பம் எங்களுடையது.

துக்கம் கேட்க முதலில் வந்தவர் கணபதி, தோட்டத்துச் சங்கத் தலைவர். வாங்கில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அய்யா, பேப்பர்ல கொள்ளைக்காரன்னு போட்டிருக்காங்களாமே. யாரு வீட்டுல கொள்ளையடிச்சாராம்?”

“ஒருத்தற்றை வீட்டிலையும் இல்லை.”

“சப்பான்காரனைச் சுட்டப்ப என்னா பேரு வச்சாங்க?”

“நேசப்படை வீரன்.”

“துப்பாக்கி அதே துப்பாக்கிதானுங்களே?”

கணபதி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்களுக்கும் இதாங்க நடந்துச்சு. சப்பான்காரன் குண்டு போடுவான்னு தொரை எங்க கையில தடியக் குடுத்து பேக்டரிக்குக் காவல் வச்சாரு. அப்ப நாங்க காவல்படை. போன மாசம், வேலையவிட்டு நிறுத்துன ஆளுங்கள திரும்ப எடுங்கன்னு அதே பேக்டரி கேட்டுல நின்னோம். கலகக்கும்பல்னு, காலையில ஆளு கூட்டுற பெரட்டுல நீங்கதான அய்யா படிச்சீங்க?”

“அது துரையின்றை கட்டளை. அதோட, அது வேறை விசயம், கணபதி.”

“ஆமாங்க. அவங்களும் அதத்தான் சொல்லுவாங்க. வேற விசயம்னு.”

என் மனைவி செல்வநாயகி கொண்டுவந்த தேத்தண்ணீரை நின்றபடியே குடித்தார், கும்பிட்டார், போய்விட்டார். சாவு வீட்டில் இப்படியா கதைப்பது என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நினைவு நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை துரை என்னை அறைக்குள் அழைத்தார். முதலில் அனுதாபம் தெரிவித்தார். அது பொய்யான அனுதாபம் இல்லை. பிறகு, “இந்த ஞாயிறு நீங்கள் பதுளைக்கு வராமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. ஓய்வு பெறும் வருடத்தில் உங்களுக்கு எதற்குச் சங்கடம்?” என்றார். ஓய்வுப் பணம் அவர் கையெழுத்தில்தான் தங்கியிருந்தது.

“என் தம்பி எந்த நாளில் கொள்ளைக்காரன் ஆனான், ஐயா?” என்று கேட்டேன்.

“அன்று நம் எதிரியைச் சுட்டார். பிறகு நம்மைச் சுட்டார்.”

“அந்த எதிரியோடு இப்போது வியாபார ஒப்பந்தம் பேசுகிறீர்கள் என்று வானொலியில் சொன்னார்களே. யாரைச் சுட்டதற்காக அவனுக்குப் பதக்கம் கொடுத்தீர்களோ, அவர்கள் இன்று நண்பர்கள். சுட்டவன் கொள்ளைக்காரனா?”

துரை மேசையிலிருந்த பைப்பை எடுத்தார். பற்றவைக்காமலே திரும்ப வைத்தார்.

“அது வேறு விஷயம், மிஸ்டர் கனகரத்தினம்.”

அந்த அறையில் நான் ஒருநாளும் சிரித்ததில்லை. அன்று சிரித்துவிட்டேன். துரை திகைத்துப் பார்த்தார். நான் கணபதியை நினைத்துச் சிரித்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு காலை செல்வநாயகி என் கறுத்தக் கோட்டைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“போனால் காசு போயிடுமெண்டு தெரியுமோ?”

“தெரியும்.”

“போகாட்டில்?”

“போகாட்டில் பத்திரிகைக்காரன் போட்டது சரியெண்டு நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி.”

அவள் பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்தாள். “இந்த முறை குத்தலாம்தானே? எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

அவளே குத்திவிட்டாள்.

பதுளையில் மழை தூறிக்கொண்டிருந்தது. என் வழக்கமான இடத்தில் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற வேறொரு தோட்டத்துத் துரை ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். கயிற்றுக்கு அப்பால், சந்தைக்கு வந்த சனத்தோடு கணபதியும் நின்றார். எங்கள் துரை வழக்கம்போல வரிசை வழியே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கை குலுக்கிக் கைலாகு கொடுத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும் அவர் கண் என் கோட்டுக்குப் போயிற்று.

“இது என்ன?” என்றார் தாழ்ந்த குரலில்.

“உரியவர் இறந்துவிட்டார், ஐயா. வலப்பக்கம் என்று சொல்லித்தந்தது நீங்கள்தான்.”

அவர் பதில் சொல்லுமுன் எக்காளம் முழங்கியது. இரண்டு நிமிட மௌனம். எக்காளம் கேட்டால் எவரும் நின்ற இடத்திலிருந்து அசையக்கூடாது. அதுவும் அவர்கள் வழக்கம். ஆகவே துரை அசையவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என் தம்பியின் பதக்கத்துக்கு நேர் எதிரே நின்றார். அவருடைய வழுக்கைத் தலையில் தூறல் விழுந்து வழிந்தது. முதலில் பதக்கத்தைப் பார்த்தார், பிறகு நிலத்தை. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கவில்லை. நான் வீரசிங்கத்தை நினைத்துக்கொண்டேன்.

மௌனம் முடிந்ததும் கைலாகு கொடுக்காமல் அடுத்தவரிடம் போய்விட்டார்.

பஸ் நிற்குமிடத்தில் கணபதி என்னைப் பிடித்துக்கொண்டார். “தொரையவே கைகட்டி நிக்க வச்சிட்டீங்களே அய்யா!”

“நான் வைக்கேல்லை. அவையின்றை வழக்கம் வைச்சது” என்றேன்.

மறுநாள் பெரட்டில் வாசிக்கத் தந்த அறிவித்தலில் ‘கலகக்கும்பல்’ என்ற சொல் மறுபடியும் இருந்தது. நான் ‘வேலைக்கு வராத தொழிலாளர்’ என்று வாசித்தேன். துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மற்ற வரிகளையும் நிதானமாக வாசித்து முடித்தேன்.

ஓய்வு பெற்றபோது எதிர்பார்த்ததில் பாதிதான் கைக்கு வந்தது. அடுத்த நவம்பரில் அழைப்பும் வரவில்லை. ஆனாலும் போனேன். கயிற்றுக்கு வெளியே, சந்தைக்கு வந்த சனத்துக்குள், கணபதிக்குப் பக்கத்தில் நின்றேன். பதக்கம் வலப்பக்கம் இருந்தது.