வீட்டுக்கு வரும் எண்ணெய்

கடைக்கு வருகிறவர்களுக்குப் பழைய எண்ணெயில் நாங்கள் ஒரு பஜ்ஜிகூடப் போட்டதில்லை. எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன், எனக்கென்ன பயம்? உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பதினோரு வருஷமாகக் கடை. தினமும் புது எண்ணெய்தான். என் வீட்டுக்காரர் வெங்கடேசனுக்கு அதில் அவ்வளவு பெருமை. கடை முடிந்ததும் கடாயில் மிஞ்சும் கறுத்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி, டின்னில் ஊற்றி, வீட்டுக்கு எடுத்துப் போவோம். குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் அதில்தான். கொட்ட மனசு வருமா?

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி இருக்கும். மிளகாய் பஜ்ஜி வெந்துகொண்டிருக்கும்போதே அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அடுப்புச் சூட்டில் வேர்ப்பது எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. முகம் வெளுத்துக் கிடந்தது.

"இன்னாய்யா பண்ணுது?"

"ஒண்ணும் இல்லமே. கேஸு. ஒரு சோடா குட்சா சரியா பூடும்."

குடித்தார். ஏப்பம் வரவில்லை. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "கை மரத்துப் போன மாரி கீது பாஞ்சாலி" என்றார்.

"கெளம்புய்யா ஆஸ்பத்திரிக்கு!"

"எண்ணெ காஞ்சிக்கினு கீது. இந்த ஈட்ட எடுத்துட்டு…"

"எண்ணெ நாசமாப் போவட்டும்!"

கேஸ் அடுப்பை அணைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரன் சேட்டு என் சத்தத்திலேயே வண்டியைத் திருப்பிவிட்டான். அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். காகிதத்தைப் பார்த்த நர்சம்மா டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். அந்த ஓட்டம்தான் என்னைக் கொன்றது. மாத்திரை கொடுத்து மென்று தின்னச் சொன்னார்கள். மாரடைப்பு என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள்.

வழியில் ஒரு நெல் டிராக்டர் ஒதுங்க மறுத்தது. அவன் ஏழு தலைமுறையையும் உள்ளே உட்கார்ந்தபடியே திட்டித் தீர்த்தேன். இவர் கண்ணை மூடும்போதெல்லாம் கன்னத்தில் தட்டினேன். "தூங்காதய்யா, என்னப் பாருய்யா." கை சில்லென்றிருந்தது. இந்த மனுஷன் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஏழு மணிக்கு டாக்டர் ஷீபா வெளியே வந்தார். உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தூக்கி பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டார்.

"பீடி, சிகரெட்டு?"

"தொட்டதில்ல."

"குடி? சுகரு?"

"ஒண்ணும் கெடையாது மேடம்."

"என்ன வேலை?"

"பஜ்ஜிக் கடை. தெனம் எண்ணெ மாத்துவோம் மேடம். ஜனங்க வயிறு கெடக் கூடாதுன்னு."

"நல்லது. பழைய எண்ணெயை என்ன பண்ணுவீங்க?"

"வூட்டுக்கு எடுத்துனு பூடுவோம்."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. ஆனா கேளுங்க. திரும்பத் திரும்பக் காய்ச்சுனா எண்ணெயில இருக்கற கொழுப்பு காத்துபட்டுக் கெட்டுப்போயிடும். ரத்தக் குழாயோட உள்பக்கம் ஒரே ஒரு வரிசையா மெல்லிசா செல்லுங்க இருக்கு. கெட்ட கொழுப்பு அதைப் புண்ணாக்கும். தோசைக்கல்லு வழவழப்பு போச்சுன்னா மாவு ஒட்டிக்குதில்ல? அந்த மாதிரி, புண்ணான எடத்துல கொழுப்பு ஒட்டும், வருஷக்கணக்கா படியும். ஒருநாள் அது வெடிச்சா ரத்தம் உறைஞ்சு வழியை அடைச்சிடும்."

ஊருக்கெல்லாம் நல்ல எண்ணெய். என் புருஷனுக்கு நானே வடிகட்டி, நானே தாளித்து, நானே ஊட்டியிருக்கிறேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

உள்ளே போய்ப் பார்க்கவிட்டார்கள். ஒயர்களுக்கு நடுவே கிடந்தவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"கடாயில எண்ணெ அப்படியே கீதே… யார்கிட்டயாச்சும் வூட்டுக்கு எடுத்துனு போவச் சொன்னியா?"

சிரிப்பதா, அழுவதா, அந்த வாயிலேயே ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. "அத்த கொட்டியாச்சுய்யா" என்றேன். பொய்தான். அவர் முகம் சுருங்கியது.

கடாய் எண்ணெயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வீட்டு டின்னையாவது கொட்டச் சொல்ல வெளியே ஓடிவந்து மகளுக்கு போன் போட்டேன். சேட்டு முன்பே போய்ச் சொல்லியிருந்தான், எடுத்தவுடன் அழுதாள். அப்பா பிழைத்துக்கொண்டார் என்று சொல்லித் தேற்றினேன்.

"ஜெயப்பிரியா, அடுப்பாண்ட ஒரு டின்னு கீதில்ல, எண்ணெ டின்னு…"

"அதுலதாம்மா அப்பளம் பொரிச்சிக்கினு கீறேன். அப்பாவுக்குப் புடிக்குமே, நாளைக்கு எடுத்தாரலாம்னு. நானும் சோறு துன்னுட்டேன்மா, நீ ஒண்ணும் கவலைப்படாத."

அவளுக்குப் பதினாறு வயசு. ஐந்து வயசிலிருந்து அவள் தின்பது அந்த எண்ணெய்தான்.

"அடுப்ப அணைடி!" என்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.