திங்கட்கிழமைப் பாடக்குறிப்பு

1975ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்திற்கு, கீழவைப்பாரை அடுத்த கடற்கரைக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளியில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை சீனித்தாயின் பாடக்குறிப்பேடு இரண்டாம் வகுப்பு ஆசிரியை பிளாரன்சின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரத்துக்கான குறிப்புகளை வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும், மூத்த ஆசிரியை அவற்றைப் படித்து, பிழை கண்ட இடத்தைச் சிவப்பு மையால் திருத்தி, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதும் அப்பள்ளியின் ஒழுங்கு. பதினோர் ஆண்டுகளாகப் பிளாரன்ஸ் அந்த வேலையைச் செய்துவந்தாள். நோக்கம் எழுத மறந்தவர், மதிப்பீட்டு வினாவை விட்டவர், தேதியைச் சாய்த்து எழுதியவர் என ஒருவரும் அவளிடமிருந்து தப்பியதில்லை.

அன்று அவள் குறிப்பேட்டைத் திறக்கும்போதே மனம் சரியில்லை. திங்கட்கிழமை பள்ளித் துணை ஆய்வாளர் வன்னியபெருமாள் வரவிருந்தார். மார்ச் மாதம் தூத்துக்குடியில் அறுபது ஆசிரியர்கள் கூடும் கூட்டத்தில் மாதிரிப் பாடம் நடத்த இப்பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக அந்த ஒருவர் பிளாரன்ஸ்தான். இந்த ஆண்டு தலைமையாசிரியை ஞானபாக்கியம், சீனித்தாயின் வகுப்பையும் ஆய்வாளருக்குக் காட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

சீனித்தாய் வேலையில் சேர்ந்து எட்டு மாதங்கள்கூட ஆகவில்லை. நெல் விளையும் ஸ்ரீவைகுண்டத்துப் பெண். கடலையே அதுவரை இருமுறைதான் பார்த்தவள். ஆனால் சென்ற ஆண்டு முழுவதும் பிளாரன்சிடம் ஒரு வரி வாசிக்காமல் வாய் மூடி நின்ற சிறுமி விக்டோரியா, இப்போது சீனித்தாயின் வாசிப்பு அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உரக்க வாசித்தாள். தூண்டில், தட்டுமடி வலை, நங்கூரம் என்று அவள் குரல் கேட்கும்போதெல்லாம் பிளாரன்ஸ் தன் வகுப்புக் கதவைச் சாத்தினாள். பிள்ளை வாசிக்கிறாளே என்று மகிழ வேண்டிய இடத்தில், என்னிடம் ஏன் வாசிக்கவில்லை என்ற கேள்வியே முந்திக்கொண்டது.

குறிப்பு அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சமூகப் பாடத்தையும் வாசிப்பையும் ஒரே பாடமாகப் பின்னியிருந்தாள். ‘நம் ஊர்த் தொழில்கள். திங்கள் காலை எட்டரை மணி: குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுதல். கரை சேரும் வள்ளங்களைக் காணல். மீன் ஏலத்தைக் கேட்டல். ஏலத்தில் காதில் விழுந்த பத்துச் சொற்களை அட்டையில் எழுதி, வகுப்பில் வாசித்தல்.’

பிளாரன்சின் பேனா ‘திங்கள்’ என்ற சொல்லின்மேல் நின்றது.

அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை எவரும் வள்ளம் தள்ளுவதில்லை. மாதா கோயில் பூசைக்குப் போவார்கள்; உறவினர் வீட்டுக்குப் போவார்கள்; கடலுக்கு மட்டும் போகமாட்டார்கள். மாலையில் போகும் வள்ளங்கள்தாம் விடிந்தபின் மீனோடு திரும்பும் என்பதால், திங்கட்கிழமை காலையில் கரைக்கு வர வள்ளமும் இல்லை, ஏலமும் இல்லை. பிறந்தது முதல் பிளாரன்ஸ் அறிந்த செய்தி இது. சனிக்கிழமை நண்பகல் பேருந்தில் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை மணியடிக்கும் நேரத்தில் திரும்பும் சீனித்தாய்க்கு அது தெரிய வழியில்லை. வயலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது?

‘செவ்வாய்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். பிளாரன்ஸ் எழுதவில்லை. நோக்கத்தில் விடுபட்டிருந்த ஓர் ஒற்றெழுத்தை மட்டும் திருத்தினாள், ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதினாள், கையொப்பமிட்டாள்.

இதற்காகவே ஞாயிறு மாலையே வந்து தங்கிய சீனித்தாய், திங்கட்கிழமை எட்டரை மணிக்கு முப்பத்திரண்டு பிள்ளைகளை இரட்டை வரிசையில் அழைத்துச் சென்றாள். துணை ஆய்வாளர் குடையுடன் பின்னால் நடந்தார். குறிப்பைப் பார்த்திராத தலைமையாசிரியை அப்போது அலுவலறையில் பதிவேடுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். ஒன்பதேகாலுக்கெல்லாம் வரிசை திரும்பி வருவதைப் பிளாரன்ஸ் தன் வகுப்புச் சன்னல் வழியே பார்த்தாள். பிள்ளைகளின் கையிலிருந்த அட்டைகள் வெறுமையாக இருந்தன. கரையேற்றிக் கிடந்த வள்ளங்களையும் அவற்றின் நிழலில் படுத்திருந்த நாய்களையும் தவிர அங்கே பார்க்க எதுவும் இல்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ‘ஊர் நிலவரம் அறியாமல் எழுதப்பட்ட குறிப்பு’ என்று ஆய்வாளர் பதிவேட்டில் எழுதினார். அதன்பின் பிளாரன்சின் வகுப்பில் அரைமணி நேரம் அமர்ந்தார், பாடம் கடிகாரம்போல் நடந்தது, பாராட்டினார். மார்ச் மாதம் யாரை அனுப்புவது என்பதைத் தலைமையாசிரியையே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் பதினொரு மணிப் பேருந்தில் புறப்பட்டார்.

அவள் விரும்பியது நடந்துவிட்டது. ஆனால் மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது, விக்டோரியா உட்பட ஏழெட்டுப் பிள்ளைகள் சீனித்தாயைச் சூழ்ந்து நின்று, நாளைக்குக் கட்டாயம் வள்ளம் வரும் என்று தேற்றிக்கொண்டிருந்தார்கள். தோற்றவளைச் சுற்றித்தான் பிள்ளைகள் நின்றார்கள். பிளாரன்ஸ் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாள்.

நான்கு மணிக்குச் சீனித்தாய் வந்து, பாடக்குறிப்பேட்டை விரித்துப் பிளாரன்சின் மேசைமேல் வைத்தாள். அழுத முகம் இல்லை.

“வள்ளம் வராதுன்னு கெளம்பும்போதே அந்தப் பிள்ள விக்டோரியாவுக்குத் தெரிஞ்சிருக்குக்கா. ஏம்ட்டி சொல்லலைன்னு கேட்டேன். அதிகாரி முன்னால கேட்டாத்தான் வாயத் தொறக்கணும்னு நீங்க போன வருசம் சொல்லிக் குடுத்தியளாம்.”

பிளாரன்ஸ் சிவப்பு மைப் பேனாவை மூடிவைத்தாள்.

“ஒங்களுக்கும் தெரியும்லாக்கா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கவனிக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். விடுபட்ட ஓர் ஒற்றெழுத்தைக் கவனித்தவள் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எப்படியும், பொய் சொல்லி அவளிடம் இன்னொரு முறை தாழ்ந்துபோகப் பிளாரன்சுக்கு மனமில்லை.

“தெரியும்” என்றாள்.

சீனித்தாய் சற்றுநேரம் அந்தச் சிவப்புக் கையொப்பத்தைப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரிடமும் முறையிடவில்லை. முறையிட்டிருந்தால் பிளாரன்சுக்கு அவளை வெறுப்பது எளிதாக இருந்திருக்கும்.

தலைமையாசிரியைக்கு எவரும் சொல்லத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை அவர் குறிப்பேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிளாரன்சை அழைத்தார்.

“ஏளா பிளாரன்சு, நாயித்துக்கிழம வள்ளம் தள்ள மாட்டாவன்னு ஒனக்கு நான் நோட்ஸ் எழுதித் தரணுமா?”

“வேண்டாம் டீச்சர். பாத்துட்டுத்தான் விட்டேன்.”

“ஏன்?”

“அவ நல்லா எழுதியிருந்தா.”

ஞானபாக்கியம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

11-2-1975 செவ்வாய்க்கிழமை மாலை நடந்த ஆசிரியர் கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டவை பின்வருமாறு. மூன்றாம் வகுப்பின் கடற்கரைப் பாடம் வரும் வியாழக்கிழமை மீண்டும் நடத்தப்படும். மார்ச் மாத மாதிரிப் பாடத்தைச் சீனித்தாய் நடத்துவார். பாடக்குறிப்புகளை இனித் தலைமையாசிரியையே சரிபார்ப்பார். நடந்தது பிளாரன்சின் பணிப்பதிவேட்டில் ஏற்றப்படாது. அவர் இரண்டாம் வகுப்பிலேயே தொடர்வார். கூட்டக் குறிப்பைப் பிளாரன்ஸ் ஒருமுறை படித்துப் பார்த்து, திருத்தம் எதுவும் சொல்லாமல், மற்றவர்களைப்போல் நீல மையில் கையொப்பமிட்டாள்.