சிட்டுவின் அளவு நூல்

என் தையல் அறையில் டேப் கிடையாது. எண் தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், கணக்கில் நான் புலி. தெருப் பெண்கள்தான் காரணம். இடுப்பைச் சுற்றி டேப்பை வைத்து எண்ணைச் சொன்னால் ஒவ்வொருத்திக்கும் முகம் சுண்டிவிடும். ரொட்டிக்கடை அக்கா ஒருநாள் என் வாயையே பொத்திவிட்டாள்.

"மெதுவா சொல்லுடி! வெளியில அவரு நிக்கிறாரு."

அன்றிலிருந்து நூல்தான். இடுப்பைச் சுற்றிவரும் இடத்தில் ஒரு முடிச்சு, மார்புக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று. நூலைத் துணிமேல் வைத்து வெட்டிவிடுவேன். யாருடைய நூல் என்று தெரிய, அவரவர் துணியில் ஒரு துண்டு கிழித்து நுனியில் கட்டி வைப்பேன். எண்ணும் இல்லை, மானமும் போகாது. தெருவே என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

மாடியில் என் கொழுந்தன் குடும்பம். அவர்கள் மகள் சிட்டு. எனக்குப் பிள்ளை இல்லை. அதற்காக உட்கார்ந்து அழச் சிட்டு எனக்கு நேரம் விட்டதும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் என் அறைக்குத்தான் ஓடி வருவாள். அளவெடுக்க ஸ்டூலில் ஏறி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள்.

"பெரியம்மா, பாக்கெட் வை. ரெண்டு பக்கமும் வை."

அந்த மழைக்காலத்தில் தெருவெங்கும் காய்ச்சல். மற்றவர்களுக்கு வந்து வந்து போனது, சிட்டுவுக்கு வந்தது போகவில்லை. மருந்துக்கடைக்காரர் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தார். தெருச் சங்கத்தின் தலைவரும் அவர்தான் என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை.

ஒருநாள் என் ஓரகத்தி, சிட்டுவின் அம்மா, குழந்தைக்குப் பழைய துணி தேடிக் கீழே வந்தாள். வெட்டு மேஜைக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே தெருவிலுள்ள அத்தனை பெண்களும் முடிச்சு முடிச்சாகக் கிடந்தார்கள். சிட்டுவின் மஞ்சள் கவுன் துண்டும் முடிச்சுப் போட்ட நூலோடு கிடந்தது. சூனியம் சூனியம் என்று அவள் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது.

சங்கக் கட்டடத்துக்கு ஒரே கதவு. ஜன்னல்களை மறைத்துப் பழைய நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். என்னை நடுவில் நிறுத்திவிட்டுக் கதவைத் தாழ்போட்டார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கல்லுளிமங்கன்.

தலைவர் பெட்டியைத் திறந்தார். "இதெல்லாம் கட்டினது யாரு?"

"நான்தான்."

"ஒத்துக்கிட்டா!" என்று ஒருத்தி கத்தினாள்.

"அளவுக்குக் கட்டினது. எண்ணைச் சொல்லாதேன்னு ரொட்டிக்கடை அக்காதான் சொன்னாங்க. அவங்களையே கேளுங்க."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புருஷனும் பார்த்தார். அவள் மெதுவாக வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நானா? எனக்கென்ன அந்தக் கவலை?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளுடைய நூலை எடுத்து அவள் இடுப்பிலேயே சுற்றினேன். நுனி முடிச்சின்மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்படியே உடம்பைப் பிடிச்சு வச்சிருக்கா பாரு" என்றது ஒரு குரல். ரொட்டிக்கடை அக்கா நூலை உதறிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவள் கையில் மயிர்க்கூச்செறிந்திருந்ததை நானே பார்த்தேன்.

"என் பொண்ணோடதையும் போட்டுப் பாருங்க" என்றாள் ஓரகத்தி.

சிட்டு அவள் மடியில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நான் நூலைச் சுற்றினேன். தொளதொளவென்று இருந்தது, என் கையே உள்ளே போகும். அந்த உடம்பைத் தொட்டதும் அங்கே நடந்த மற்ற எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. காய்ச்சல் பிள்ளையைத் தின்று முடிக்கப் பார்த்தது.

"மிச்சம் எங்கக்கா போச்சு?" என்று கேட்டாள் ஓரகத்தி. சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"காய்ச்சல்ல இளைச்சிருக்கா. இந்த மருந்து கேக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"எப்படிக் கேக்கும்?" என்றார் தலைவர். "நீ முடிச்சுப் போட்டு வச்சிருந்தா எந்த டாக்டர் மருந்துதான் கேக்கும்? முதல்ல அவிழு."

அவிழ்த்தால் நான் சூனியக்காரி. அவிழ்க்காவிட்டால் பிள்ளையைக் கொல்லும் சூனியக்காரி. கதவைத் திரும்பிப் பார்த்தேன். தாழ்ப்பாளில் ஒருத்தர் சாய்ந்து நின்றிருந்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அவிழ்த்துடேன். வெறும் நூல்தானே."

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓரகத்தியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். "அவிழ்த்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போவியா?"

"போறேன்க்கா. அவிழ்த்துட்டா மருந்து கேக்கும்ல?"

"கேக்கும்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் போடும் முடிச்சு லேசில் அவிழாது, நான் நல்ல தையல்காரி. நகம் உள்ளே போகாமல் ஊசியால் நெம்பினேன். சிட்டுவின் நூலில் கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் கொழுந்தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். அவனுக்காகத்தான் அந்தக் கதவு திறந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கைமீறியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பேச்சு தெருவுக்கு வந்து சேரவில்லை. முடிச்சு அவிழ்ந்தது, பிள்ளை பிழைத்தது என்ற பேச்சுதான் வீடு வீடாகப் போனது.

எங்களைத் தெருவை விட்டு விரட்டவில்லை. விரட்டியிருந்தால் வேறு எங்காவது போய் டேப் வைத்துத் தைத்துப் பிழைத்திருப்பேன். இவர்கள் மரியாதை கொடுக்க ஆரம்பித்தார்கள். நேற்றுவரை வாடி போடி என்றவர்கள் "நீங்க" என்றார்கள். ஒவ்வொருத்தியாக வந்து தன் நூலை அவிழ்க்கச் சொல்லிக் கும்பிட்டாள். அவிழ்த்துக் கொடுத்தேன், வேறு என்ன செய்வது? தைக்கத் துணி மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

ரொட்டிக்கடை அக்கா பின்வாசல் வழியாக வந்தாள். ஒரு துணித் துண்டை என் கையில் திணித்தாள்.

"மருமகளோடது. என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்கிறா. ஒண்ணு கட்டிக் குடுங்களேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியாதா உங்களை?" என்று சிரித்தாள். கதவைப் படாரென்று அவள் முகத்தில் சாத்தினேன். மறுநாள் வாசலில் ஒரு கூடைப் பழம் இருந்தது. நான் கோபித்துக்கொண்டேன் என்று பயந்துவிட்டாளாம்.

நான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். மாடியில் சிட்டு ஓடும் சத்தம் கேட்டது, எனக்கு அது போதும். அவளைக் கீழே மட்டும் அனுப்பமாட்டார்கள்.

உடம்பு தேறிப் பள்ளிச் சட்டை இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்ததும் ஓரகத்தி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். புதுச் சட்டையை வெளியே தைக்கக் கொடுத்தால் நான் என்ன செய்துவிடுவேனோ என்ற பயம். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு பிள்ளையை மட்டும் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டாள்.

சிட்டு ஸ்டூலில் ஏறினாள். கன்னம் மறுபடி உப்பியிருந்தது. "பாக்கெட் ரெண்டு பக்கமும்தானே?" என்று கேட்டுக்கொண்டே, பழக்க தோஷத்தில் புது நூலைப் பிரித்து நீட்டிவிட்டேன்.

அவள் கையை விரிக்கவில்லை. இரண்டு கையாலும் தன் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கட்டாதீங்க பெரியம்மா. நான் சமத்தா இருக்கேன்."