பெதஸ்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள்

...தூணாம், கல்தூண் நாலைந்து வரைய வேண்டுமாம், நடுவில் நீலத் தண்ணீர், ஓரத்தில் இரண்டு ஈச்சமரம், அவ்வளவுதான், பெதஸ்தா குளம் ஆகிவிடுமாம், யார் போய்ப் பார்த்தார்கள் அந்தக் குளத்தை, கமிட்டியில் ஒருவராவது... சாரத்தின் மேல் உட்கார்ந்து வெள்ளைப் பெயிண்டைக் கலக்குகிறேன், குச்சி வாளியில் இடிக்கிறது, கோபம்தான், வேறென்ன. சபைச் சுவர் முழுக்க நான் வரைந்த படத்தை நானே அழிக்க வேண்டும், ஆண்டவர் மட்டும் இருக்கட்டுமாம், பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரி வேண்டாமாம். குணமாக வேண்டி நோயாளிகள் குளத்தோரம் காத்துக் கிடந்தார்கள், தண்ணீர் கலங்கும்போது முந்தி இறங்குகிறவருக்குத்தான் சுகம், முந்த முடியாமல் கிடந்த ஒருவனை ஆண்டவரே வந்து எழுப்பினார், ஞாயிறு வகுப்பில் இவர்களே சொல்லிக்கொடுத்த கதை, சரி, இந்த ஊரில் நோயாளிகள் எங்கே காத்துக் கிடக்கிறார்கள்? பெரியாஸ்பத்திரி வராந்தாவில்தானே, அதைத்தான் வரைந்தேன், வரிசையாகப் பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், எக்ஸ்ரே உறையை விசிறியாக்கிக்கொண்ட பெண், டாக்டர் அறைக் கதவோரக் கடைசி நாற்காலியில் அப்பா. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் முண்டியடிப்பார்கள், அப்பாவுக்கு முந்தத் தெரியாது, அங்கேயே உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தார்... "ஆலயத்துல ஆஸ்பத்திரி வாடை அடிக்கக் கூடாது" என்று கூட்டத்தில் சொன்னது யார், அப்பாவின் சொந்த அண்ணன், கமிட்டித் தலைவர், என் பெரியப்பா. போதகர் தரையைப் பார்த்தார். கடவுள் மனிதனாகி நம் நடுவே குடிவந்தார் என்று தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணுகிறவர், நம் நடுவே என்றால் எங்கே ஐயா, முகவரி கிடையாதா அவருக்கு, நம் தெருவில் கால் வைத்தால் தீட்டாகிவிடுவாரா...

செருப்பைக் கழற்றும் சத்தம். பெரியப்பாதான். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்திருப்பார்.

"நல்லவேளை, இன்னும் அடிக்கல."

"அடிக்கத்தான் போறேன். தள்ளி நில்லுங்க, மேல தெறிக்கும்."

அவர் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாற்காலிக்காகச் சொல்லலம்மா. கூட்டத்துல வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கடைசில உக்காந்திருக்கிறது என் தம்பின்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு அழிக்கச் சொன்னீங்க?"

"ஆண்டவர் அந்தப் பொம்பளகிட்ட குனிஞ்சு நிக்கிறாரு. சரி. என் தம்பிக்கு மட்டும் ஏம்மா முதுகக் காட்டிட்டு நிக்கிறாரு? வாராவாரம் நான் அதப் பார்த்துட்டு முழங்கால் போடணுமா?"

இடம் போதவில்லை என்று சொல்லலாம், கோணம் அப்படி, அத்தனை பேர் நடுவே ஒருவரைத்தான் எழுப்பினார், கதையே அப்படித்தானே பெரியப்பா... சாரத்தில் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். வெள்ளை உடை, அகலத் தோள்கள், நடுவில் இறங்கும் ஒற்றை மடிப்பு, முழுச் சுவரிலும் நன்றாக வந்திருப்பது அந்த முதுகுதான், அதைத்தான் முதலில் வரைந்தேன், நாற்காலிகளுக்கும் முன்னால், பென்சில் கோடுகூடப் போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு... அன்றைக்குக் கமிட்டி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லையே, பிறகு யார்மேல் எனக்கு அவ்வளவு கோபம்...