காது சொன்ன சாட்சி

பழைய ஆபீஸில் அக்காவுக்கு வைத்த பெயர் 'புதர்'. மூன்று வருடம் அவளுடைய நிஜப் பெயரை யாரும் தொடக்கூட இல்லை. நாளை, திங்கட்கிழமை, புது ஆபீஸில் சேருகிறாள். அங்கேயும் எவனாவது பெயர் வைப்பதற்குள் முடியை நேராக்கிவிட வேண்டும். ஸ்ட்ரெயிட்னர் வாங்க என்னையும் அழைத்துப் போனாள். ஆலோசனைக்கு அல்ல. எங்கள் இருவருக்கும் ஒரே அம்மா, ஒரே முடி.

எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று ரோஸ், ஒல்லி; சின்னத் திரையில் எண்கள் மின்னும். மற்றது கறுப்பு, அகலத் தட்டு, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. பார்த்தால் கொல்லன் பட்டறை இடுக்கி. அக்காவின் கண் ரோஸை விட்டு நகரவில்லை.

"சுருட்டை, அடர்த்தி ரெண்டும் இருந்தா அகலத் தட்டுதான் மேடம் நல்லது," என்றாள் விற்பனைப் பெண்.

"போட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா. உக்காருங்க."

"என் தலை எண்ணெயில ஊறிக்கிட்டிருக்கு. டேய், நீ உக்காரு."

உட்கார்ந்தேன். ஒரு பக்கம் ரோஸ், மறுபக்கம் கறுப்பு. இருவரும் பின்னால் நின்று வேலையை முடித்தார்கள்.

"தாங்குதான்னு பாக்கணும். தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வா," என்றாள் அக்கா. வெளியே தூறல். மனித குல நன்மைக்காக நனைந்தேன்.

திரும்பி வந்து அவர்கள் எதிரே நின்றேன். ஒரு பக்கம் இஸ்திரி போட்டதுபோல் படிந்திருந்தது. மறுபக்கம் எதுவுமே நடக்காததுபோல் சுருண்டிருந்தது.

"பாத்தியா! இடது பக்கம்தான் ரோஸ். என்னமா தாங்குது!"

"அக்கா, அப்போ பின்னாடி நின்னே. இப்போ எதிர்ல நிக்கிறே. உன் இடது எனக்கு வலது."

அவள் விற்பனைப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரோஸ் என் காதைச் சுட்டுச்சு. எந்தக் காதுன்னு பாரு," என்றேன்.

சுருண்ட பக்கத்துக் காது தக்காளியாகச் சிவந்திருந்தது. அக்கா உறுதி செய்துகொள்ள விரலால் தொட்டாள். நான் கத்தியதில் விசாரணை முடிந்தது. கறுப்பை வாங்கினோம். ரோஸைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை அந்த எண்ணெயை அலசி முடிப்பதற்குள் தொட்டித் தண்ணீர் தீர்ந்துபோனது. அவள் நேரான முடியோடு ஆபீஸ் போனாள். நான் நேற்றைய தலையோடு கல்லூரி போனேன்.

சாயங்காலம் வாசலிலேயே கேட்டேன். "பேரு வெச்சாங்களா?"

"இல்லடா. பேரு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். அதையே சொல்லிக் கூப்பிட்டாங்க." நம்ப முடியாதவள்போல் சிரித்தாள். "உனக்கு?"

"பாதி."

அக்கா இடுக்கியைச் செருகி சுவிட்சைப் போட்டாள்.

"உக்காரு. காதைப் பிடிச்சுக்கோ."